பழைய பேட்டரியை எடைக்கு போடாதீங்க! திரும்ப எடுப்பது கம்பெனி பொறுப்பு: சட்டம் சொல்வது என்ன?

அஞ்செட்டி:

ஆட்டோ பேட்டரி செத்துப் போச்சு. வீட்டு இன்வெர்ட்டர் பத்து நிமிஷம் கூட தாங்க மாட்டேங்குது. என்ன செய்வோம்? "பழைய இரும்பு, பிளாஸ்டிக்..." என்று தெருவில் கூவி வரும் வண்டியை நிறுத்தி எடைக்கு போட்டு விடுவோம். கையில் நாலு காசு. வீட்டில் இடமும் காலி.

ஆனால் அந்த பேட்டரி அடுத்து எங்கே போகுது? அதை யார் பொறுப்பாக அழிக்கணும்? வாங்கினவரா, விற்ற கடைக்காரரா, தயாரித்த கம்பெனியா? 'தயாரித்த கம்பெனிதான்' என்கிறது சட்டம். இது பலருக்கு தெரிவதில்லை.

நம்ம மாவட்டத்து பிரச்சினை

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் பேட்டரிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஓசூரில் டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட் தொழிற்சாலைகள் இருக்கின்றன. எக்சைடு பேட்டரி ஆலையும் இங்கே உண்டு. மின்சார ஸ்கூட்டர் வந்த பிறகு ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா என்று புதிய ஆலைகளும் வந்தன.

புது பேட்டரி லாரி லாரியாக வெளியே போகுது. ஓட்டி தேய்ந்த பேட்டரி, அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டை கிராமம் வரைக்கும் வீட்டு மூலையில் கிடக்குது. அதை முறையாக திரும்ப கொண்டு போய் சேர்ப்பதுதான் இப்போதைய கேள்வி.

சட்டம் என்ன சொல்லுது?

'பொருளை விற்றதோடு கம்பெனியின் வேலை முடியாது. அது குப்பையாகும் வரை பொறுப்பு உண்டு' என்ற யோசனையை 1990-ம் ஆண்டு சுவீடன் நாட்டு அரசுக்கு எழுதிக் கொடுத்தவர் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் என்ற ஆய்வாளர். அதிகாரிகள் இதை ஈ.பி.ஆர். என்று சுருக்கமாக சொல்கிறார்கள்.

இந்தியாவில் 2001-ம் ஆண்டிலேயே காரீய பேட்டரிக்கு தனி விதி வந்தது. புதுசு விற்கும்போது பழசை திரும்ப வாங்கணும், மூன்றாம் ஆண்டு முதல் 90 சதவீதம் திரும்ப எடுக்கணும் என்று அப்போதே சொல்லப்பட்டது.

அதற்கு பதிலாக 2022-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந்தேதி புதிய விதிகள் வந்தன. இப்போது டார்ச் லைட், செல்போன், கார், இன்வெர்ட்டர், மின்சார ஸ்கூட்டர் என எல்லா வகை பேட்டரியும் இதில் அடங்கும். தயாரிப்பவர் மட்டுமல்ல, வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்பவரும், தன் பிராண்ட் பெயரில் விற்பவரும் பொறுப்பாளிதான். பழைய பேட்டரியை புதைக்கவோ, எரிக்கவோ கூடாது.

எப்படி நடக்குது?

கம்பெனிக்காரர் வீடு வீடாக வர வேண்டியதில்லை. அரசிடம் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை பழைய பேட்டரியை வாங்கி பிரிக்கும். எவ்வளவு பிரித்ததோ அந்த கணக்குக்கு சான்றிதழ் கிடைக்கும். கம்பெனி அந்த சான்றிதழை காசு கொடுத்து வாங்கி, மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் கணக்கு காட்டணும்.

இலக்கை எட்டாத கம்பெனி சுற்றுச்சூழல் இழப்பீடு கட்டணும். 'அதான் பணம் கட்டியாச்சே' என்று கை கழுவவும் முடியாது. விடுபட்ட கணக்கை அடுத்த ஆண்டுகளில் முடித்தே ஆகணும்.

எங்கே ஓட்டை?

இவ்வளவு இருந்தும் பழைய பேட்டரி திருட்டுத்தனமாக உருக்கும் இடத்துக்கு போவது ஏன்? விஷயம் காசுதான். முறையான ஆலைக்கு புகை வடிகட்டும் கருவி, ஆசிட்டை சுத்தம் செய்யும் வசதி, வரி என்று செலவு இருக்கு. கொல்லைப்புறத்தில் உருக்குபவருக்கு அந்த செலவே கிடையாது. அதனால் கிலோவுக்கு கொஞ்சம் கூட்டி கொடுக்க முடியுது. நாமும் அங்கேயே கொடுத்து விடுகிறோம்.

காரீயம் உருக பெரிய உலை தேவையில்லை. 327 டிகிரி சூடு போதும். விறகு அடுப்பிலேயே உருகிவிடும். பேட்டரிக்குள் இருக்கும் கந்தக அமிலத்தை தரையில் கொட்டி விடுவார்கள். மழை வந்தால் அது ஓடைக்கு போகும். அஞ்செட்டி வழியாக ஓடும் தொட்டல்லா ஆறு காவிரியில் போய் சேருகிறது என்பதை மறக்கக்கூடாது.

18 குழந்தைகள் பலி

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டு தலைநகர் டக்கார் அருகே தியாரோய் என்ற ஊரில் பழைய பேட்டரிகளை உடைத்து காரீயம் எடுத்து வந்தனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கே 18 குழந்தைகள் இறந்தன. பரிசோதித்து பார்த்ததில் அந்த ஊர் குழந்தைகள், தாய்மார்கள் ரத்தத்தில் அளவுக்கு மீறி காரீயம் இருந்தது.

காரீய தூசி மண்ணில் படியும். குழந்தை மண்ணில் விளையாடி கையை வாயில் வைக்கும். பெரியவர்களை விட குழந்தையின் உடம்பு 4 முதல் 5 மடங்கு அதிகமாக காரீயத்தை இழுத்துக் கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த சோகை வரும். மூளை வளர்ச்சி குறையும். படிப்பு ஏறாது. உருக்கும் வேலைக்கு போகிறவரின் சட்டையிலேயே அந்த தூசி வீட்டுக்கு வந்துவிடும்.

உலகத்தில் மூன்று குழந்தைகளில் ஒன்றுக்கு ரத்தத்தில் காரீயம் கூடுதலாக இருப்பதாக 2020-ம் ஆண்டு யுனிசெப் அறிக்கை சொன்னது. மொத்தம் சுமார் 80 கோடி குழந்தைகள். இதில் இந்திய குழந்தைகள் மட்டும் 27 கோடிக்கு மேல்.

ஸ்கூட்டர் பேட்டரி உஷார்!

மின்சார ஸ்கூட்டரில் இருப்பது லித்தியம் பேட்டரி. இதில் காரீயம் இல்லை. ஆனால் உடைத்தாலோ, துளை விழுந்தாலோ தீப்பிடிக்கும். வண்டிக்கு உதவாத பேட்டரி சில நேரம் சோலார் மின்சாரம் சேமிக்க உதவும். அதன் பிறகு லித்தியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை பிரித்து எடுக்கலாம். 2027-28-ம் ஆண்டு முதல் மின்சார வண்டிகளின் புது பேட்டரியில் 5 சதவீதம் மறுசுழற்சி பொருள் சேர்க்கணும், 2030-31-ல் அது 20 சதவீதம் ஆகணும் என்று விதி உள்ளது.

நாம என்ன செய்யணும்?

* புது பேட்டரி வாங்கும்போது பழசை அதே கடையில் கொடுங்க. எவ்வளவு கழித்தார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்க.

* மின்சார ஸ்கூட்டர் பேட்டரியை கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டும் கொடுங்க. வெளியே பிரிக்க விடாதீங்க.

* பேட்டரி மீது குப்பைத்தொட்டி படம் போட்டு பெருக்கல் குறியால் அடித்திருந்தால், குப்பையில் போடக்கூடாது என்று அர்த்தம். அதை தனியாக பிரித்து கொடுப்பது நம் கடமை என்றும் விதி சொல்லுது.

* ஆசிட்டை நீங்களே கொட்டி காலி செய்யாதீங்க. பேட்டரியை சாய்க்காமல், நிமிர்த்தி வைத்தே கொண்டு போங்க.

* ஊருக்குள் யாராவது பேட்டரி உருக்கினால் ஓசூரில் உள்ள மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

எடைக்கு போட்டால் நூறோ இருநூறோ கூட கிடைக்கலாம். ஆனால் அந்த புகை பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு வந்தால், ஆஸ்பத்திரி செலவுக்கு அந்த காசு காணாது.