உஷார்! சாக்கில் பெயர் இல்லாத கருப்புப் பொடியா? டிரம்மில் கொட்டாதீர்கள்!

உங்கள் வீட்டுப் பிள்ளை மொட்டை மாடியில் மோட்டார் வைத்து டிரம் சுற்றுகிறானா? கூழாங்கல்லை நாள்கணக்கில் உருட்டிப் பளபளப்பாக்குகிறானா? நல்ல பொழுதுபோக்கு. நிறுத்தச் சொல்ல வரவில்லை. ஆனால் கல்லோடு சேர்த்து அந்த டிரம்முக்குள் என்ன பொடியைப் போடுகிறான்? எழுந்து போய் அந்தச் சாக்கைப் பாருங்கள். பெயர் அச்சடித்திருக்கிறதா? பருமனைச் சொல்லும் நம்பர் இருக்கிறதா?

இல்லையென்றால், இன்றைக்கே டிரம்மை நிறுத்துங்கள்!

இந்தப் பக்கத்துக் கல்லூரிப் பையன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தாமிரபரணியில் பொறுக்கிய கற்கள், பழைய வாஷிங் மெஷின் மோட்டார், மூடி போட்ட பெயிண்ட் வாளி. எல்லாம் தயார். அரைக்கும் பொடிதான் பாக்கி. அதற்கென்றே விற்கும் சிலிகான் கார்பைடு விலையைக் கேட்டு மலைத்துப்போய், பழைய இரும்புக் கடைக்குப் போனான். ஒரு சாக்கு கருப்புப் பொடி சல்லிசாகக் கிடைத்தது. "கப்பலுக்கு அடிக்கிற கிரிட்டு தம்பி, நல்லா அறுக்கும்" என்றார் கடைக்காரர்.

அவர் பொய் சொல்லவில்லை. கப்பலுக்கு அடிக்கிற கிரிட்டுதான். ஆனால் ஏற்கெனவே அடித்து முடித்துக் கூட்டி அள்ளிய கிரிட்டு!

உருட்டி எடுத்த கல்லில் பளபளப்பு வரவில்லை. கீறல்தான் வந்தது. பொடியை வீணாக்க மனமில்லாமல் மாடியில் காயவைத்து, அம்மாவின் மாவு சல்லடையில் சலித்தான். கடல் காற்று சும்மா இருக்குமா? கொடியில் காய்ந்த துணி, வடகம், தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றிலும் படிந்தது. "ஏல, என்னல இது, வாயெல்லாம் நறநறங்குது?" என்று அம்மா கேட்ட பிறகுதான் நிறுத்தினான். அடுத்த தடவை, பொடியில் இருந்த எண்ணெய்ப் பிசுக்குப் போக வாளியில் சலவை சோடாவைப் போட்டு இறுக்கி மூடிவிட்டுப் படுத்தான். ராத்திரி மூடி தெறித்துச் சுவரில் அடித்தது. பொடியில் அலுமினியத் துணுக்குகள் கலந்திருந்தால் சோடாத் தண்ணீரில் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். தீப்பிடிக்கிற வாயு! யாரும் அருகில் இல்லாததால் தப்பித்தார்கள்.

பிறகு இருமல். விடாத இருமல். "என்ன பொடி அது?" என்று கேட்டார் டாக்டர். அவனிடம் பதில் இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேரிடம் பதில் இருக்கும்?

நம் ஊரில் இந்தக் கருப்புப் பொடி சாதாரண விஷயம் இல்லை. தூத்துக்குடி துறைமுக ஊர். இரும்புப் படகு, பார்ஜ், டேங்க் என்று எதையாவது சாண்ட் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் பொடியை அடித்துத் துருவையும் பெயிண்டையும் உரிப்பது) செய்துகொண்டே இருப்பார்கள். அதற்கு அதிகம் பயன்படுகிற கருப்புப் பொடிகளில் ஒன்று காப்பர் ஸ்லாக், அதாவது தாமிரத்தை உருக்கும்போது ஒதுங்கும் கசடு. இரும்பும் சிலிக்காவும் சேர்ந்து உருகி உறைந்த, கண்ணாடி போன்ற சரக்கு. நெல்லை ரோட்டில் இருக்கும் நம் புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டாம். உப்பாற்றுக் கரையில் பட்டா நிலத்தில் மலைமலையாகக் குவித்ததை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அந்தக் கசடு வந்த ஸ்டெர்லைட் தாமிர ஆலை 2018 மே மாதம் மூடப்பட்டது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது. 11 இடங்களில் கொட்டிய கசடை அகற்றாததும் ஆலைக்கு எதிரான காரணங்களில் ஒன்று. ஆற்றங்கரையில் கிடந்தாலே இவ்வளவு வழக்கு. அதை உங்கள் மாடியில் சலிக்கலாமா?

புது ஸ்லாக்கில் நுரையீரலைக் கெடுக்கும் படிக சிலிக்கா குறைவு, உண்மைதான். மணலுக்குப் பதிலாக அதை வாங்குவதே அதனால்தான். ஆனால் ஆர்சனிக், ஈயம், பெரிலியம் போன்றவை சிறு அளவில் இருக்கலாம். ஒருமுறை அடித்துவிட்டால் கதையே வேறு. கப்பலில் இருந்து உரிந்த துருவும் பெயிண்டும் அதோடு கலந்துவிடும். பழைய பெயிண்டில் ஈயம் உண்டு. அடிப்பாகத்தில் பாசி ஒட்டாமல் இருக்கப் பூசும் பெயிண்டில் செம்பு உண்டு. ஒரு காலத்தில் அதில் வெள்ளீயச் சேர்மமும் சேர்த்தார்கள். கடல் உயிர்களை அழிக்கிறது என்று 2008 முதல் உலக அளவில் தடை செய்யப்பட்ட சரக்கு அது!

சாக்கைத் திறந்தால் இவற்றைக் கவனியுங்கள். கருப்புக்கு நடுவே சிவப்பு, நீலம், பச்சைச் செதில் தெரிகிறதா? பெயிண்ட். பயன்படுத்திய பொடி. தொடாதீர்கள். திறந்ததுமே டீசல் வாடை தானாக அடிக்கிறதா? அதுவும் அப்படியே. ஒரே சாக்கில் ரவை போலவும் மாவு போலவும் கலந்து கிடக்கிறதா? நல்ல கிரிட் ஒரே சீரான பருமனில் இருக்கும். 60 நம்பர் என்றால் எல்லாமே அந்தப் பருமன். 220 நம்பர் நைசுப் பொடியில் நாலே நாலு பெரிய மணி கலந்தாலும் போதும், கடைசி வரைக்கும் கல்லில் கீறல் போகாது.

தேன் நிற மணிகளும் சிவப்பும் கருப்பும் சேர்ந்த மணலா? இன்னும் உஷார்! அது கடற்கரைத் தாது மணல். பெரியதாழைப் பக்கம் அலை ஒதுங்கும் இடத்தில் சிவப்பும் கருப்புமாகக் கோடு போட்டுக் கிடக்குமே, அதுதான். சிவப்பு கார்னெட், கருப்பு இல்மனைட். தேன் நிற மணி மோனசைட்டாக இருக்கலாம். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. கதிரியக்கம் உள்ள பொருள். 2013-இல் தமிழக அரசு இந்தத் தாது மணல் எடுப்பதையே நிறுத்தியது. "பீச்சில் சும்மாதானே கிடக்கிறது" என்று ஒரு வாளி அள்ளி வராதீர்கள். சட்டமும் விடாது, அந்தத் தூசும் விடாது.

கடையில் வாங்கிய சுத்தமான பொடி, லேபிள் மட்டும் கிழிந்துவிட்டது என்றால் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் எல்லாமே ஈரத்தில்! உலர்ந்த பொடியை ஊதிப் பார்க்காதீர்கள். மோந்து பார்க்காதீர்கள். விரலில் தொட்டு நாக்கில் வைக்கவே வைக்காதீர்கள்.

வெள்ளைத் தட்டில் ஒரு சிட்டிகை போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி மேலே கொண்டு போங்கள். பாய்ந்து ஒட்டினால் இரும்புத் தூள். அது டிரம்மில் துருப்பிடித்துக் கல்லையே கறைப்படுத்தும். கொஞ்சம்போல ஒட்டினால் ஸ்லாக்காக இருக்கலாம், இல்மனைட்டாகவும் இருக்கலாம். காந்தம் ஒன்றை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது தேய்த்துப் பார்ப்பது. பலர் ஏமாறும் இடம் இதுதான். கண்ணாடியில் தேய்த்துக் கீறினால் "நல்ல கிரிட்" என்று நினைத்துவிடுகிறார்கள். ஆற்று மணலும் கண்ணாடியைக் கீறும்! வெங்கச்சாங்கல் ஒன்றை எடுங்கள். வழவழப்பான முகத்தில் ஈரப்பொடியை வைத்து, இன்னொரு வெங்கச்சாங்கல்லால் அழுத்தித் தேயுங்கள். கழுவிவிட்டு வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சிலிகான் கார்பைடு, அலுமினியம் ஆக்சைடு இரண்டும் முகத்தை மங்கலாக்கிவிடும். மோஸ் கடினத்தன்மை அளவில் அவை 9 அல்லது அதற்கும் மேல். வெங்கச்சாங்கல் 7. வெறும் மணல் என்றால் அதுவும் 7, பெரிதாக ஒன்றும் செய்யாது. ஸ்லாக்கும் அப்படித்தான் திணறும். சிலிகான் கார்பைடு மணிகள் லென்ஸில் கூர்கூராக மின்னும். அலுமினியம் ஆக்சைடு பழுப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கும், அவ்வளவு மின்னாது.

மணல்தானே, பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். மிகப் பெரிய ஆபத்து மணல்தான்!

காரணம், அதிலிருந்து கிளம்பும் சிலிக்கா தூசு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் அடி வரை போகும் தூசு 4 மைக்ரானுக்கும் கீழே. கண்ணுக்கே தெரியாது. உள்ளே போய் வடு வடுவாக இறுகும். அந்த நோய்தான் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோயையும் கூப்பிட்டுக்கொண்டு வரும். 1997-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தத் தூசைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே அறிவித்தது. குஜராத்தில் கம்பாத் என்ற ஊரில் அகேட் கல்லை மணியாக்கிப் பாலிஷ் போடும் குடும்பங்கள் தலைமுறையாக இந்த நோயில் மாட்டியிருக்கின்றன. அவர்கள் எல்லோரும் ஆலைக்குப் போனவர்கள் இல்லை. பலர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கல் தேய்த்தவர்கள். அரைத்த கல்லின் தூசே அவர்களுக்கு எமன்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் கிரிட் அசல் சரக்காகவே இருந்தாலும் அரைபடும் கல் பெரும்பாலும் சிலிக்காதான். டிரம்மில் மிஞ்சும் சேறு காய்ந்தால் அதே விஷத் தூசு. காயவிடாதீர்கள்! சலிக்காதீர்கள்! துணியைக் கட்டிக்கொண்டேன் என்று சமாதானம் சொல்லாதீர்கள். துணி இந்தத் தூசைத் தடுக்காது. N95 மாஸ்க் வேண்டும். சேற்றை அடுக்களைச் சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடியில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். ஈரமாகவே வழித்துப் பாலித்தீன் பையில் கட்டித்தான் அப்புறப்படுத்த வேண்டும். பொடி சலித்த மாவு சல்லடையைத் திரும்ப அடுக்களைக்குள் கொண்டுபோகவே கூடாது.

வீட்டில் ஏற்கெனவே பெயர் தெரியாத சாக்கு கிடக்கிறதா? தண்ணீர் தெளித்து நனையுங்கள். இரண்டு பைக்குள் கட்டுங்கள். "பயன்படுத்தாதே" என்று எழுதி ஒட்டிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தோட்டத்தில் கொட்டாதீர்கள், குப்பை வண்டியில் தூக்கிப் போடாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறப்படுத்துங்கள். இனிமேல் வாங்கும்போது பொருளின் பெயரும் நம்பரும் எழுதிய பில் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் கடையில் வாங்கவே வேண்டாம்.

பிள்ளைக்கு இருமல் விடவில்லையா? மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? "தூசு அலர்ஜி" என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். அரசு மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். என்ன பொடி, எத்தனை நாள், உலர்ந்ததா ஈரமா என்று மறைக்காமல் சொல்லுங்கள். கட்டிவைத்த சாக்கை அப்படியே ஒரு போட்டோ எடுத்துக் கையோடு கொண்டு போங்கள்.