கட்டி கரைஞ்சிடுச்சே... இனி ஆபரேஷன் எதுக்கு?

‘வலி இல்லையே, கொழுப்புக் கட்டியா இருக்கும்’, ‘பொண்ணு கல்யாணம் முடியட்டும்’ என்று நாள் கடத்திவிட்டு, மார்பகத்தில் புண் வைத்த பிறகு மருத்துவமனைக்கு வரும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதே இந்தத் தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

தாமதமாக வந்தால் அவ்வளவுதானா? இல்லை. ஆனால், சிகிச்சையின் வரிசை மாறும்.

கட்டி தோலையோ, மார்புச் சுவரையோ பிடித்துவிட்டாலும், அக்குளில் நெறிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டாலும் அது மூன்றாம் நிலை. பொதுவாக, இதில் உடனே ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். பயாப்ஸி, ஸ்கேன் எல்லாம் எடுத்து, சில மாதங்கள் கீமோதெரபி கொடுப்பார்கள். கட்டி சுருங்கினால்தான் அதை மிச்சமில்லாமல் எடுத்து, தோலை இழுத்துத் தைக்க முடியும். 1954-ல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், ஆபரேஷனுக்கு முன்பே கீமோவும் கதிர்வீச்சும் கொடுக்கும் முறையைப் பல்லாண்டுகளாகக் கையாண்டு வருகிறது.

சிக்கல் இங்கேதான். சில கீமோவிலேயே கட்டி கைக்குத் தட்டுப்படாமல் போகலாம். ‘அதான் கரைஞ்சிடுச்சே’ என்று சிலர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கைக்குத் தெரியாத புற்றுச் செல்கள் உள்ளே மிஞ்சியிருந்தால், நோய் மறுபடி தலைதூக்கும். அதனால் ஆபரேஷனைத் தவிர்க்கவே கூடாது.

பெரும்பாலும் மார்பகத்தையும் அக்குள் நெறிகளையும் அகற்றுவார்கள். கட்டி நன்றாகச் சுருங்கிய சிலருக்கு மார்பகத்தைக் காப்பாற்றவும் வழி உண்டு. தோல் போதாவிட்டால், முதுகிலிருந்து தசையோடு தோலை எடுத்து மூடுவார்கள். அதன்பின் கதிர்வீச்சு. தேவைப்படுவோருக்கு ஆண்டுக்கணக்கில் ஹார்மோன் மாத்திரை. தோள் இறுகாமல் இருக்க, டாக்டர் சொல்லும் கைப்பயிற்சியும் அவசியம்.

எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று பரவியிருந்தால் அது நான்காம் நிலை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, இந்த நிலையில் வந்த 350 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. மார்பகக் கட்டியை அகற்றியதால் அவர்களின் ஆயுள் கூடவில்லை. எனவே இங்கே மருந்துகளே முதன்மை. புண்ணும் ரத்தக்கசிவும் வாட்டும்போது, அந்த அவதி தீர ஆபரேஷன் செய்வதுண்டு. ‘ஆபரேஷன் வேண்டாம்’ என்று டாக்டர் சொன்னால், கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு.

வீட்டில் அம்மாவோ, அத்தையோ கட்டியை மறைத்து வைத்திருந்தது தெரியவந்தால், ‘ஏன் முன்னாடியே சொல்லலை?’ என்று கடிந்துகொள்ளாதீர்கள். ‘வாங்க, நாளைக்கே போகலாம்’ என்று கூட்டிப்போங்கள்.