இடுப்பு மூட்டு நெருக்கம்

இளைஞர் ஒருவருக்குத் தொடைச்சந்தில் நோவு உண்டாயின் தசைப்பிடிப்பு என்போம். முதியவரின் இடுப்பு மூட்டுத் தேய்ந்தால் மூப்பின் விளைவு என்போம். பலரிடத்து இவ்விரண்டும் ஒரே கோளாற்றின் தொடக்கமும் முடிவுமாதல் கூடும் என்பதை அண்மைக்கால வைத்தியம் நமக்கு உணர்த்தியுள்ளது.

இடுப்பு மூட்டில், தொடையென்பின் உருண்ட தலை இடுப்பென்பின் கிண்ணம் போன்ற குழியிற் பொருந்திச் சுழல்கின்றது. குழியின் விளிம்பைச் சுற்றி மென்மையான வளையமொன்று உண்டு. என்புத்தலையின் கழுத்திற் புடைப்பு இருப்பின், தொடையை மடக்கி உட்புறம் திருப்புந்தோறும் அது குழியினுட் புகுந்து கசியிழையத்தை உரிக்கும். விளிம்பு அளவுக்கு மிஞ்சி நீண்டிருப்பின், கழுத்து அதனோடு மோதி வளையத்தை நசுக்கும். இரண்டும் ஒருங்கே அமைதலும் உண்டு. வளரும் பருவத்திற் கடுமையாக விளையாடுவோரிடத்துப் புடைப்பு மிகுதியாகக் காணப்படுகின்றது.

பொஸ்ரன் நகரச் சத்திர வைத்தியர் சிமித்-பீற்றர்சன், விளிம்பைச் செதுக்கும் சிகிச்சையை 1936 இலேயே விவரித்தார். ஆயினும் மூட்டை முற்றாகக் கழற்றிப் பார்க்க வைத்தியர் அஞ்சினர். என்புத்தலைக்குக் குருதி கொணரும் நாடி கெட்டால் அத்தலை இறந்துபடும். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் றைன்கோல்ட் கான்சும் அவர்தம் குழுவினரும் அந்நாடி செல்லும் வழியை ஆராய்ந்து, அதனைக் காத்தே தலையை வெளிக்கொணரும் முறையை வகுத்தனர். 213 மூட்டுக்களில் அதனைக் கையாண்ட அனுபவத்தை 2001 இல் வெளியிட்டனர். ஒன்றிலேனும் தலை இறக்கவில்லை. சேதம் தொடங்குமிடத்தைக் கண்ணாரக் கண்ட அவர்கள், நெருக்கம் மூட்டுத் தேய்விற்கு ஒரு காரணமென 2003 இல் எடுத்துரைத்தனர்.

இன்று பெரும்பாலும் சிறு துளைகளினூடே உட்காட்டும் கருவியைச் செலுத்திப் புடைப்பைச் சீவி, கிழிந்த வளையத்தைத் தைக்கின்றனர். பிரித்தானியாவில் 348 பேரிடத்து நடத்தப்பெற்று 2018 இல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சிச் சிகிச்சை பெற்றோரும் சத்திர சிகிச்சை பெற்றோரும் நலமடைந்தனர். ஓராண்டின்பின் பின்னையோர் நலமே ஓரளவு மிக்கிருந்தது.

எனினும், நோவு சிறிதுமில்லாத பலரின் எக்ஸ்-கதிர்ப் படத்திலும் இப்புடைப்புத் தோன்றும். ஆதலின் 2016 இல் இங்கிலாந்தின் வோரிக்கிற் கூடிய அறிஞர், நோயாளி உரைக்கும் நோவு, வைத்தியர் சோதித்துக் காணும் குறி, படம் ஆகிய மூன்றும் ஒத்தாலன்றி இந்நோயெனத் துணிதலாகாது என்றனர்.

கசியிழையம் தேய்ந்தொழிந்தபின் புடைப்பைச் சீவுவதாற் பயன் சிறிதே. ஆகவே, மைதானத்தில் ஓடியாடும் நம் பிள்ளைகள் தொடைச்சந்து நோவைப் பல வாரமாகச் சொல்வாராயின், எண்ணெய் தேய்த்து ஆறுதல் கூறுவதோடு நில்லாது வைத்தியரிடம் காட்டுவோம். படமொன்றை மட்டும் கண்டு கத்திக்கு விரையாதிருத்தலும் நம் கடனே.