மூவகைச் சார்பு வாக்கியமும் நம் வீட்டுத் தமிழும்

ஆங்கில இலக்கணத்தில் சார்பு வாக்கியம் மூன்று வகை: நவுன் க்ளாஸ், அட்ஜெக்டிவ் க்ளாஸ், அட்வெர்ப் க்ளாஸ். சித்தூரிலும் திருப்பதியிலும் படிக்கிற நம் பிள்ளைகளைக் கேட்டால், ‘ஹூ’, ‘விச்’ வந்தால் அட்ஜெக்டிவ், ‘வென்’ வந்தால் அட்வெர்ப், ‘தட்’ வந்தால் நவுன் என்று ஒப்பிக்கிறார்கள். மாலையில் என் பாத்திரக் கடைக்கு வரும் பிள்ளைகளும் அப்படித்தான். மார்க் போவது இந்த வாய்ப்பாட்டால்தான்.

‘வென்’ என்ற ஒரே சொல்லைப் பாருங்கள். ‘ஐ நோ வென் தி பஸ் கம்ஸ்’, ‘ஐ ரிமெம்பர் தி டே வென் ஹி கேம்’, ‘வென் ஹி கேம், ஐ வாஸ் அஸ்லீப்’. மூன்றையும் வீட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

‘பஸ் எப்போது வரும் என்பது எனக்குத் தெரியும்.’ இதை ‘அது எனக்குத் தெரியும்’ என்று சுருக்கலாம். பெயரின் இடத்தில் நிற்பதால் நவுன். ‘அவர் வந்த நாள் நினைவிருக்கிறது.’ ‘வந்த’ என்பது பெயரெச்சம், நாளைத் தழுவுகிறது, ஆகவே அட்ஜெக்டிவ். ‘அவர் வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தேன்.’ எப்போது தூங்கினேன் என்பதற்கு விடை, அட்வெர்ப்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘வந்தபோது’ என்பதைப் பிரித்தால் வந்த, போது. உருவத்தில் அதுவும் பெயரெச்சமே, போது என்றால் பொழுது. ஆனால் செய்யும் வேலை வினையைத் தழுவுவது. உருவத்தை விட்டு வேலையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பெயரெச்சம், வினையெச்சம் என்ற பகுப்பு நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தில் உண்டு, மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், சீயகங்கன் வேண்ட, எங்கள் சமணப் பெரியவர் பவணந்தி முனிவர் செய்த நன்னூலிலும் உண்டு. ஆங்கிலத்து ‘ஹூ’, ‘விச்’ செய்யும் வேலையைத் திராவிட மொழிகளில் பெயரெச்சம் செய்கிறது என்று 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் காட்டினார். ‘நேத்து வந்த பையன்’ என்கிறோம். பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பிள்ளை ‘நின்ன வச்சின அப்பாயி’ என்கிறது. வரிசைகூட மாறவில்லை! ஆங்கிலத்தில்தான் பையன் முன்னே போய்விடுகிறான். ஆங்கிலம் வரட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்தும் பெற்றோர், கையிலிருக்கிற இந்த உரைகல்லைத்தான் தூக்கிப் போடுகிறார்கள்.

‘தட்’ மட்டும் கொஞ்சம் சிக்கல். ‘தி நியூஸ் தட் ஹி ப்ராட்’ என்றால் அவர் கொண்டுவந்த செய்தி. ‘தி நியூஸ் தட் ஹி கேம்’ என்றால் அவர் வந்தார் என்ற செய்தி. முதலாவதில் ‘எதைக் கொண்டுவந்தார்?’ என்று கேட்டால் ‘செய்தியை’ என்பதே பதில், அது அட்ஜெக்டிவ். இரண்டாவதில் ‘அவர் வந்தார்’ தனியே முழு வாக்கியம், செய்தியே அதுதான், அது நவுன். தமிழில் ‘என்ற’ போட்டால்தான் வாக்கியம் நிற்கும் என்றால் தயங்காமல் நவுன் என்று எழுதலாம்.