நேபோ மலையில் நின்று

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பர் நம் முன்னோர். பனை வைத்தோர் வரிசையில் மோசேயை முதல்வராகக் கொள்ளலாம். நாற்பது ஆண்டுகள் பாலைநிலத்தில் மக்களை வழிநடத்திய அவர், ஆண்டவர் வாக்களித்த நாட்டைக் கண்ணால் கண்டார், காலால் மிதிக்கவில்லை. அவர் நின்று கண்ட இடம் நேபோ மலை என்று இணைச்சட்ட நூலின் இறுதி அதிகாரம் கூறுகின்றது.

இம்மலை இன்றைய யோர்தான் நாட்டில், மாதபா நகருக்கு அருகில் உள்ளது. உச்சியில் நிற்போருக்குக் கீழே சாக்கடலும் யோர்தான் பள்ளத்தாக்கும் விரிகின்றன. வானம் தெளிந்த நாளில் எருசலேமும் கண்ணுக்குத் தெரியும்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்னும் பெண் திருப்பயணி எருசலேமிலிருந்து புறப்பட்டு, யோர்தானைக் கடந்து இங்கு வந்தார். மலைப்பாதையில் பெரும்பகுதியைக் கழுதைமேலும், செங்குத்தான பகுதியைக் கால்நடையாகவும் கடந்ததாக அவர் எழுதி வைத்துள்ளார். உச்சியில் அவர் கண்டது சிறியதொரு கோயில். ஆறாம் நூற்றாண்டில் அது பெருங்கோயிலாக விரிந்தது. 530ஆம் ஆண்டில் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்ட தளத்தில் ஆயரும் வேடரும் விலங்குகளும் இன்றும் உயிரோவியமாக விளங்குகின்றனர்.

காலப்போக்கில் கோயில் இடிந்து மண்மூடிப் போயிற்று. 1933இல் பிரான்சிஸ்கன் துறவியர் அகழாய்வைத் தொடங்கினர். அவர்களுள் மிக்கேலே பிச்சிரில்லோ அடிகளார் பல்லாண்டுகள் இம்மலைக்காகவே உழைத்தார். 2008இல் அவர் இறைவனடி சேர, இங்கேயே அடக்கம் செய்தனர். புதுப்பிக்கப்பட்ட பேராலயம் திறக்கப்பட்டதோ 2016இல்! அவரும் பனை வைத்தவரே.

2000ஆம் ஆண்டு மார்ச் 20இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் புனித நாட்டுப் பயணத்தில் இங்கு நின்று செபித்தார். கோயில் முற்றத்தில் வெண்கலப் பாம்பு சுற்றிய சிலுவை உயர்ந்து நிற்கின்றது. பாலைநிலத்தில் உயர்த்தப்பட்ட பாம்பையும், கல்வாரியில் உயர்த்தப்பட்ட மானிட மகனையும் அது ஒருங்கே நினைவூட்டுகின்றது.

அன்பு வாசகர்களே, மோசேயின் கல்லறை எங்கே என்று எவருக்கும் தெரியாது. ஆயினும் அவர் கதை நேபோவில் முடியவில்லை. இயேசு உருமாறிய மலையில் எலியாவுடன் தோன்றியவர் அவரே! உயிரோடிருக்கையில் நுழையாத நாட்டில், ஆண்டவரின் அருகிலேயே அவர் நின்றார்.

மறைக்கல்வி கற்பித்தும் பலன் காணாத உபதேசியார், வழிதவறிய மகனுக்காக நாள்தோறும் செபமாலை சொல்லும் தாய் ஆகியோர் நம் பங்குகளிலும் உள்ளனர். அறுவடையைக் காணாமற்போனாலும் விதைத்தது வீணாகாது. நேபோ நமக்குச் சொல்லும் செய்தி இதுவே.