முற்றத்தில் அழகுச் சூரியகாந்தி: விதை வாங்கும் முன் படிங்க



ஆடி மாதம் தென்காசி பக்கம் போனவங்க சுந்தரபாண்டியபுரத்தில் வண்டியை நிறுத்தாமல் வந்திருக்க மாட்டீர்கள். காடு முழுக்க மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும். கேரளாவிலிருந்து குடும்பம் குடும்பமாய் வந்து போட்டோ எடுத்துட்டுப் போவாங்க. அது எண்ணெய்க்குப் போடுகிற சூரியகாந்தி. நாங்கள் இங்கே எழுதப் போவது அழகுக்காக வீட்டில் வளர்க்கிற சூரியகாந்தியைப் பற்றி. இரண்டும் ஒரே இனம்தான். ஆனால் விதை வேறு, இடைவெளி வேறு, விற்கிற இடமும் வேறு. இந்த வித்தியாசம் சரியாகப் புரியாமல் எங்கள் குழு ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

முதலில் விதை. அழகுச் சூரியகாந்தியில் மூன்று விதம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தண்டு, ஒரே பூ என்று வருவது முதல் விதம். சன்ரிச், புரோகட் என்ற பெயர்களில் வருவதெல்லாம் இதுதான். விதைத்து 50 முதல் 60 நாளில் பூத்துவிடும். பொக்கே கட்டுறவங்க, மேடை அலங்காரம் செய்யறவங்க கேட்பது இதைத்தான். இரண்டாவது, கிளைத்துப் பல பூ விடுவது. வெல்வெட் குயின் என்று ஒன்று இருக்கிறது, நல்ல கருஞ்சிவப்பு. 5, 6 அடி வளரும். பூ சின்னது, ஆனால் வாரக்கணக்கில் பூக்கும். மூன்றாவது, குட்டை ரகம். டெடி பேர் என்று கேட்டால் கொடுப்பார்கள். 2, 3 அடிதான் வரும், பூ செண்டுப்பூ மாதிரி அடுக்கடுக்காய் இருக்கும். தொட்டியிலும் வளரும், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பாக்கெட்டில் "எஃப் 1" அல்லது "ஹைபிரிட்" என்று போட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வீரிய ஒட்டு ரகம் என்று அர்த்தம். பொக்கேவுக்கு ஆகிற முதல் விதம் பெரும்பாலும் ஒட்டு ரகம்தான். அதில் மகரந்தம் இருக்காது. மேசை விரிப்பில் மஞ்சள் தூள் கொட்டாது என்பதற்காகவே அப்படி உருவாக்கியிருக்கிறார்கள். விலை அதிகம். ஒரு விதை வீணானாலும் மனசு வலிக்கும்.

சூரியகாந்திக்கு ஆணிவேர். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் வேர் அறுந்து செடி தேறாது, அதனால் இருக்கிற இடத்திலேயே விதைத்துவிடுங்கள். நாள் முழுக்க வெயில் படும் இடமாக, குறைந்தது 6 மணி நேரமாவது வெயில் விழும் இடமாக இருக்கட்டும். மண்ணை ஒன்றரை அடி ஆழம் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, மக்கின தொழு உரம் போடுங்கள். ஒரு அங்குல ஆழத்தில் விதை போதும். நம்ம ஊர்ச் சூட்டுக்கு ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். முளைத்த முதல் பத்து நாள்தான் கண்டம். மயில், மைனா, அணில் எல்லாம் அந்த இரண்டு விதையிலையையும் கொத்திப் போட்டுவிடும். பழைய கொசுவலையைக் குச்சி நட்டு மேலே விரித்துவிட்டால் தப்பித்தது. தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, மூடியையும் கழற்றிவிட்டு, செடிக்கு ஒன்றாகக் கவிழ்த்தும் வைக்கலாம்.

இடைவெளி விஷயத்தில் நாங்கள் முதலில் நம்பவில்லை. எண்ணெய்க்குப் போடுறவங்க பாருக்குப் பார் ஒன்றரை, இரண்டு அடியும் செடிக்குச் செடி ஒரு அடியும் விடுவார்கள். பூவாக விற்க அப்படி விட்டால் பூ தாம்பாளம் அளவு ஆகிவிடும், யார் வாங்குவார்கள்? ஒரு தண்டு ரகத்தை அரை அடிக்கு ஒன்று என்று நெருக்கி விதைத்தால் பூ உள்ளங்கை அளவில் நிற்கும், தண்டும் மெலிசாய் வரும். அதுதான் பொக்கேவுக்கு ஆகும். கிளைக்கிற ரகத்துக்கு மட்டும் ஒன்றரை முதல் இரண்டு அடி வேண்டும். அதில் நாலைந்து இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் இன்னும் கிளைக்கும். ஒரு தண்டு ரகத்தில் ஆசைப்பட்டுக் கிள்ளிவிடாதீர்கள், இருக்கிற ஒரு பூவும் போய்விடும்.

யூரியா வேண்டாம். இலைதான் கொழிக்கும், காற்றடித்தால் செடி சாயும். மொட்டு வைத்ததிலிருந்து பூக்கும் வரை மட்டும் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

எந்தத் திசையில் விதைப்பது?

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. சூரியகாந்தி சூரியனைப் பார்த்துத் திரும்பும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இளஞ்செடி மட்டும்தான் அப்படித் திரும்பும். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் அதிகம் வளர்வதால் தலை மேற்கே சாயும், ராத்திரி மேற்குப் பக்கம் வளர்ந்து திரும்பக் கிழக்கே வந்துவிடும். பூ விரிந்த பிறகு வளர்ச்சி நின்று, கிழக்கு பார்த்தபடியே இருந்துவிடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2016-ல் 'சயின்ஸ்' இதழில் இதை எழுதினார்கள். கிழக்கு பார்த்த பூ காலை வெயிலில் சீக்கிரம் சூடாகிறது, அதனால் தேனீ அதிகம் வருகிறது என்றும் கண்டுபிடித்திருக்கிறார்கள். நமக்கு இதில் என்ன? உங்கள் வாசல் கிழக்கு பார்த்து, அதற்கு முன்னால் விதைத்தால், திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிற உங்களுக்குப் பூவின் முதுகுதான் தெரியும். முகம் தெருவுக்கு. எங்கள் குழு அக்கா ஒருவர் வீட்டில் இப்படித்தான் ஆனது. ஊரே பார்த்து ரசிக்குது, எனக்கு மட்டும் பின்பக்கமா என்று இன்னும் சொல்லிக் காட்டுவார்.

நோயில் பெரிய பயம் நெக்ரோசிஸ். இலை கருகி, நுனி முறுக்கிக்கொண்டு, மொட்டு விரியாமலே செடி போய்விடும். இது வைரஸ், மருந்து கிடையாது. பார்த்தீனியம் செடியில் இந்த வைரஸ் வெளியே தெரியாமல் இருக்கும். அதன் மகரந்தம் பட்டும் இலைப்பேன் மூலமாகவும் சூரியகாந்திக்கு வந்துவிடும். ஆகவே விதைப்பதற்கு முன்பே வீட்டைச் சுற்றிப் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் வேரோடு பிடுங்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சிலருக்கு அரிப்பு வரும். இடம் இருந்தால் சுற்றிலும் மூன்று நாலு வரிசை சோளத்தை முன்கூட்டியே போட்டுவிடலாம், தடுப்பாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விதைக்க வேண்டாம், வேர் அழுகும். மார்கழியில் போட்டால் மாசி முகூர்த்தத்துக்குப் பூ கையில் இருக்கும். பத்து நாளுக்கு ஒரு பாத்தி என்று பிரித்து விதைத்தால் எல்லாம் ஒரே நாளில் பூத்துத் திண்டாட வேண்டியதில்லை.

இதழ்கள் நடுவட்டத்தை விட்டு லேசாக எழும்பும்போதே விடிகாலையில் அறுத்துவிடுங்கள். முழுக்க விரிந்ததைக் கடைக்காரர் வாங்கமாட்டார். மேலே இரண்டு மூன்று இலையை விட்டுவிட்டு மற்றதை உருவி, உடனே சுத்தமான வாளித் தண்ணீரில் போடுங்கள். தினம் தண்ணீர் மாற்றினால் ஒரு வாரம் தாங்கும். இது நம்ம பக்கம் தலையில் வைக்கிற பூ இல்லை, சரம் கட்டுகிற பூவும் இல்லை. பொக்கே கடையும் அலங்காரக்காரரும் விட்டால் வேறு ஆள் கிடையாது. விதைப்பதற்கு முன்பே அவர்களிடம் பேசிவிட வேண்டும்.

நாங்கள் செய்த தப்பு

2023 தை மாதம் உள்கடனில் 900 ரூபாய் எடுத்து ஒரு தண்டு ரகம் வாங்கிப் போட்டோம். பூ அருமையாக வந்தது, விற்றும் போனது. விற்காத பூ முற்றி விதை பிடித்திருந்ததைப் பார்த்து எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி விதைச் செலவே இல்லை என்று காயவைத்து, 40 பாக்கெட் போட்டு, பாக்கெட் 20 ரூபாய் என்று பக்கத்துக் குழுக்களுக்கு விற்றோம்.

வந்தது வேறு. ஒரு செடி இடுப்பளவு, ஒரு செடி ஆளுயரம். சிலது கிளைத்தது. சிலது 80 நாளாகியும் மொட்டோடு நின்றது. விசாரித்த பிறகுதான் புரிந்தது. எங்கள் பூவில் மகரந்தமே இல்லை. அப்புறம் விதை எப்படிப் பிடித்தது? பக்கத்துக் காட்டில் எண்ணெய்ச் சூரியகாந்தி நின்றது. அங்கிருந்து தேனீ கொண்டுவந்திருக்கிறது. விதைக்குத் தாய் எங்கள் செடி, தகப்பன் யார் என்று தேனீக்குத்தான் தெரியும். தகப்பன் எங்கள் பாத்தியிலேயே இருந்திருந்தாலும் ஒட்டு ரகத்தின் விதை அடுத்த தலைமுறையில் பிரிந்துதான் முளைக்கும்.

எங்களிடம் வாங்கிய பக்கத்துக் குழு அக்கா ஒருவர் ஒரு வரவேற்புக்குப் பூ தருவதாக அலங்காரக்காரரிடம் சொல்லி, பை, மண் என்று 1,500 ரூபாய் அவர்கள் குழுவில் கடன் எடுத்திருந்தார். அந்தத் தேதிக்கு அவரால் ஒரு கைப்பிடிப் பூகூடக் கொடுக்க முடியவில்லை. தீர்மானம் எழுதி 800 ரூபாயையும் வாங்கியவர்களுக்கே திருப்பினோம். அந்த அக்காவுக்கு மேற்கொண்டு 500 கொடுத்தோம். அதற்கு மேல் எங்களால் முடியவில்லை. வாங்கிக்கொண்டார். கூட்டமைப்புக் கூட்டத்தில் பார்த்தால் இப்போதும் நல்லாத்தான் பேசுவார். விதை மட்டும் எங்களிடம் கேட்பதில்லை.

விதை வியாபாரத்துக்கு 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் என்று ஒன்று இருக்கிறது. அதைக்கூட நாங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இறங்கிவிட்டோம். விதை விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் வேளாண்மை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

சொந்தத்துக்கு விதை எடுக்க ஒட்டு இல்லாத ரகமாகப் பாருங்கள். வெல்வெட் குயின், டெடி பேர் இரண்டுமே அப்படிப்பட்டவைதான். மொட்டு விரிவதற்கு முன்பே பழைய வேட்டித் துணியால் பை தைத்துத் தலையை மூடிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்து அழுகிவிடும். பூத்ததும் காலையில் பையைக் கழற்றி, அதே ரகத்தில் இரண்டு செடிப் பூவை ஒன்றோடொன்று மெதுவாகத் தேய்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். அதே செடியின் மகரந்தத்தில் பலதும் விதை பிடிக்காது, பதராகிவிடும். ஒரு வாரம், பத்து நாள் இப்படிச் செய்யணும். பூவின் முதுகு மஞ்சளாகிப் பழுப்பானதும் அறுத்து நிழலில் காயவையுங்கள். பை அதுவரை இருக்கட்டும், கிளிக்கும் அதுதான் காவல்.

இப்படி எடுத்த கருஞ்சிவப்பு ரக விதை இப்போது எங்களிடம் கொஞ்சம் இருக்கிறது. விற்பதற்கில்லை. வேண்டும் என்பவர்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள், ஆளுக்கு 10 விதை. மகசூல் எடுத்ததும் பை கட்டின பூவிலிருந்து 20 விதை திருப்பித் தர வேண்டும். கட்டாத பூவின் விதையைக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ள மாட்டோம், இப்பவே சொல்லிட்டோம்.