சேதுத் தீடைகளும் ஆலாப் பறவைகளும்

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட நாணயங்களில் நந்தியின் உருவமும் 'சேது' என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டிருத்தல் வரலாற்று மாணவர் யாவரும் அறிந்ததே. 'சேது காவலர்' என்பதும் அம்மன்னர் பூண்ட விருதுப் பெயர்களுள் ஒன்றாகும். இராமேசுவர யாத்திரையின் வழியைக் காத்தல் அரசர்க்குரிய அறமாகக் கருதப்பட்ட காலம் அது. அச்சேதுவின் மணற்றீடைகளிலே, மன்னர் எவரும் ஏவாமலே, ஆண்டுதோறும் வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் புள்ளினம் ஒன்றுண்டு. மீனவர் அதனை ஆலா என்பர். அப்புள்ளினத்துக்கும் அதன் இருப்பிடத்துக்கும் இன்றுள்ள காவல் யாது, அக்காவல் எவ்வளவு உறுதியானது என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்துக்கு ஆழங்குறைந்த கடலும் சிறுசிறு மணற்றிட்டுக்களும் தொடர்ந்து கிடக்கின்றன. அவற்றையே நம்மவர் தீடை என வழங்குவர். வடக்கே பாக்குநீரிணை, தெற்கே மன்னார்க் குடா. வாடைக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் ஒரு புறமாகவும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மறு புறமாகவும் பாய்தலின், மணலும் அதனோடு இடம்பெயர்கின்றது. ஒரு பருவத்தில் நீண்டு கிடந்த தீடை மறு பருவத்தில் குறுகலாம். இரண்டு தீடைகள் ஒன்றாகலாம். நிலையற்ற இந்நிலத்தின்மீது மரம் இல்லை. குடிப்பதற்கு நன்னீரும் இல்லை. மனிதனுக்குப் பயன்படாத இக்குறைகளே பறவைக்கு அரணாயின. நரி, கீரி, பாம்பு, பூனை முதலாய பகைகள் கடலைத் தாண்டி எளிதில் வாரா. மரமின்மையால் இரைகொல்லிப் பறவைகள் ஒளிந்திருக்க இடமில்லை. சுற்றிலும் மீன் மலிந்த கடல். வேறென்ன வேண்டும்?

இத்தீடைகளில் இனப்பெருக்கஞ் செய்யும் ஆலாக்கள் ஒரே இனத்தன அல்ல. மஞ்சள் அலகும் கலைந்த கொண்டையும் உடைய பெரிய கொண்டை ஆலா, ஒரு சாண் அளவேயான சின்ன ஆலா, அதனை மிகவும் ஒத்திருக்கும் சாண்டர்ஸ் ஆலா, நெற்றியிலிருந்து கண்ணுக்கு மேலாக வெண்கோடு ஓடும் கரிய ஆலா ஆகியவற்றோடு, உடல் முழுவதும் பழுப்பாயும் உச்சந்தலை மாத்திரம் வெளிறியும் காணப்படும் நொட்டி என்பதும் இங்குண்டு. நொட்டி என்னும் ஆங்கிலப் பெயர் பேதை என்று பொருள்படும். மனிதனைக் கண்டும் அஞ்சிப் பறவாதிருந்தமையால் மாலுமிகள் அதற்கு இப்பெயரை இட்டனர். விஞ்ஞானிகளும் அவ்வழியே நின்று, மடமை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லையே அதற்குச் சூட்டினர். நம்பி அண்டிய உயிருக்குப் பேதையென்று பெயரிட்டவன் பெருமை பேசுதற்கில்லை.

ஆலாவின் வாழ்க்கை முறையை அறியாதார்க்கு அதற்கு நேரும் இடர் விளங்காது. இது கூடு என்று எதையும் பெரிதாக அமைப்பதில்லை. சின்ன ஆலா மணலில் மார்பை அழுத்திச் சுழன்று ஒரு சிறு குழி செய்து, இரண்டு அல்லது மூன்று முட்டை இடும். பெரிய கொண்டை ஆலாவோ பெரும்பாலும் ஒரேயொரு முட்டையே இடும். ஆயின் நூற்றுக்கணக்கான பறவைகள் கழுத்தெட்டும் தூரத்தில் நெருங்கியிருந்து அடைகாக்கும். அந்நெருக்கத்தில் ஒவ்வொரு முட்டையின் நிறமும் புள்ளியும் வேறுபடுதலால், தாய் தன் முட்டையைக் கண்டறிந்து அதன்மேல் இருத்தல் கூடும் என்பர். சிறிது வளர்ந்த குஞ்சுகள் ஒன்றுசேர்ந்து கூட்டமாய் நடமாட, பெற்ற பறவை குரலாலே தன் குஞ்சை இனங்கண்டு மீனூட்டும்.

அடைகாக்குங் காலம் மூன்று முதல் நான்கு வாரம். மே மாதத்துக்கும் செப்ரெம்பருக்கும் இடைப்பட்ட வெயிற் பருவத்திலே இது நிகழ்கின்றது. 'அடைகாத்தல்' என்ற சொல் முட்டைக்குச் சூடு கொடுப்பதையே நினைவூட்டும். இங்கோ நண்பகலில் தாய்ப்பறவை செய்வது முட்டையைச் சூட்டினின்றும் காப்பது. சில ஆலாக்கள் கடலில் வயிற்றிறகை நனைத்துவந்து, அந்த ஈரத்தால் முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. இந்நிலையில் ஒரு படகு வந்து ஒதுங்கி, நால்வர் இறங்கி, அரைமணி நேரம் உலாவினால் விளைவது யாது? பறவைகள் யாவும் எழுந்து வானில் வட்டமிட்டுக் கதறும். காண்பவர்க்கு அஃது ஓர் அழகிய காட்சி. படம் பிடிப்பார்க்கு அரிய வாய்ப்பு. கீழே மணல் அடுப்புப்போற் கொதிக்க, முட்டையினுள்ளே கரு வெந்து மடியும். மணல் நிறமே முட்டையின் நிறமுமாதலால் காலடியில் நசுங்குவனவும் பல. முட்டை ஒன்றையும் எடாது, கல் ஒன்றையும் எறியாது, ஒரு பருவத்தின் சந்ததியை அழித்துவிடலாம் என்பது இதனாற் பெறப்படும்.

ஆலா நெடுநாள் வாழும் பறவை; இருபது ஆண்டுக்கு மேலும் வாழ்வது உண்டு. ஆதலின் ஓராண்டு இழப்பை மற்றோராண்டு ஈடுசெய்யலாம். ஆண்டுதோறும் இழப்பு நேரின், முதிய பறவைகள் வந்துகொண்டிருக்கும் வரை குறை வெளியே தெரியாது. அவை மாண்டபின் கூட்டம் திடீரென மறையும்.

கூட்டமாய் முட்டையிடும் கடற்பறவைக்கு இடரும் கூட்டமாகவே வரும் என்பதைப் பிற நாட்டினர் முன்னரே கண்டனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேனாட்டு மகளிரின் தொப்பி அலங்காரத்துக்காக ஆலாவும் கொக்கும் இலட்சக்கணக்கிற் கொல்லப்பட்டன. அதற்கெழுந்த எதிர்ப்பின் பயனாக, 1903ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே புளோரிடாவின் கூழைக்கடாத் தீவு அரசின் பறவை ஒதுக்கிடமாயிற்று. இலட்சத்தீவுக் கூட்டத்துப் பிட்டி என்பது ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரப்பேயுள்ள வெறுந்திட்டு. கருமுதுகு ஆலாவும் நொட்டியும் முட்டையிடும் அத்திட்டு 1995இல் சரணாலயமாக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் முற்பட்டது தமிழ்நாட்டு வேடந்தாங்கல். அங்கே ஊர்மக்களே வேண்டிக்கொள்ள, 1798இல் செங்கற்பட்டுக் கலெக்டர் இலயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமைச்சாசனம் அளித்தார். பறவை எச்சத்தால் ஏரிநீர் வளம்பெற்று வயல் விளைந்தமை அவ்வூராரின் பரிவுக்கு ஒரு காரணம்.

இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமே வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக்கு அடிப்படை. குடாநாட்டின் வாயிலிலுள்ள சுண்டிக்குளம் 1938இலேயே அதன்கீழ்ச் சரணாலயமாயிற்று. சேதுத் தீடைகளோ நெடுங்காலம் எக்கணக்கிலும் சேராமற் கிடந்தன. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடிக் கப்பற் சேவையிற் பயணஞ்செய்த நம் முன்னோர் அப்பறவைகளைத் தூரத்தே கண்டிருத்தல் கூடும். 1964 திசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. போர்க்காலத்தில் இக்கடலைக் கடந்தோர் யாத்திரிகர் அல்லர். ஓட்டிகளால் நள்ளிரவில் தீடைகளில் இறக்கிவிடப்பட்டு, நீரின்றி விடியலை எதிர்நோக்கியிருந்த அகதிகள் பலர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலும் அந்நிலை மீண்டது. இத்தீடைகளைப் பற்றி எழுதப்புகுவார் இதனைக் கூறாது விடல் முறையன்று.

போர் முடிந்தபின் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் இத்தீடைகளிலே பல இன ஆலாக்கள் சேர்ந்து முட்டையிடுவதை ஆராய்ந்து வெளியிட்டனர். 2015 யூன் மாதத்திலே இலங்கைப் பகுதித் தீடைகளும் சூழ்ந்த கடலுமாக ஏறத்தாழ 19,000 எக்டேர் பரப்பு, ஆதாம் பாலம் என்னும் பெயரில் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் அவ்வேளையிலேயே அந்நிலையை எய்தின. சட்டத்தின்படி, அனுமதியின்றித் தேசியப் பூங்காவினுட் புகுதல் குற்றமாகும்.

சட்டம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அயலிலுள்ள விடத்தல்தீவே சான்று. 2016இல் இயற்கை ஒதுக்காக்கப்பட்ட அப்பரப்பின் ஒரு பகுதியை நீர்வாழுயிர் வளர்ப்புக்கென விடுவிக்க 2024 மே மாதத்தில் வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது; யூலையில் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. சேதுவுக்கும் இத்தகைய சோதனை புதிதன்று. 2005இல் இந்தியா தொடங்கிய சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் இத்தொடரை அகழ முற்பட்டு, 2007இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் தடைப்பட்டது. அவ்வழக்கில் உரத்து எழுந்த குரல் பாலத்தின் புனிதம் பற்றியது. ஆலாவின் முட்டை பற்றிப் பேசினோர் சிலரே. இரு நாட்டையும் தரைவழியாக இணைக்கும் ஆலோசனையும் அவ்வப்போது தலைகாட்டுகின்றது.

மீனவர் நிலையும் ஈண்டு நோக்கத்தக்கது. ஆலாக்கள் கூடிப் பாயுமிடத்தே கீழே மீன்திரள் உண்டென்பதை அவர் அறிவர். அப்பறவை அவர்க்குக் கூலி வாங்காத வழிகாட்டி. காற்றுக் கடுமையானபோது தீடையில் ஒதுங்குதல் அவர்க்கு உயிர்க்காப்பும் ஆகும். அவரையும் உல்லாசப் பயணிகளையும் ஒரே கோலால் அளத்தல் பொருந்தாது. முட்டையிடும் மாதங்களில் எத்தீடையில் இறங்கலாம், எதில் ஆகாது என்பதைத் தலைமன்னார் மீனவரோடு இருந்து வகுத்தல் இயலும். பறவைகள் ஆண்டுக்காண்டு இடம் மாறுவதால் அவ்வகுப்பும் ஆண்டுதோறும் புதிதாக நிகழல் வேண்டும். வேடந்தாங்கலில் காவல் நிலைத்தமைக்குக் காரணம் ஊரவர் தாமே அதைக் கேட்டுப் பெற்றமை என்க.

எல்லை பற்றிய சிக்கலும் ஒன்றுண்டு. 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் வரையப்பட்ட கடலெல்லை இத்தொடரை ஊடறுத்துச் செல்கின்றது. மேற்கேயுள்ள தீடைகள் இந்தியாவைச் சார்ந்தவை. 2025 யூனில் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியிலே பூநாரைச் சரணாலயம் ஒன்றை அறிவித்துள்ளது. கிழக்கேயுள்ள தீடையொன்றில் கலைக்கப்பட்ட ஆலா சில கிலோமீற்றர் மேற்கே பறந்து மீண்டும் முட்டையிட முயலலாம். அவ்வாறு பறப்பின் இங்கு குறைந்த எண்ணிக்கை அங்கு கூடும். இரு கரையிலும் ஒரே பருவத்திலே, ஒரே முறையில், தீடையில் இறங்காது படகிலிருந்தே எண்ணினாலன்றி, கூட்டம் பெருகியதா தேய்ந்ததா என்பது எந்நாட்டார்க்கும் புலப்படாது.